விருந்தாளியாகப் போய் வீட்டாராகத் திரும்புதல்

தியானப் பகுதி: யாத்திராகமம் 2:15–22; 18:1–12



ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. உங்களில் பலர் பயணப் பெட்டிகளை எடுத்து வெளியே வைத்திருப்பீர்கள். சிலர் திருநெல்வேலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறீர்கள். சிலர் மணிலாவுக்கும் மேடானுக்கும் யங்கூனுக்கும் போகிறீர்கள். ஊர் சுற்றிப் பார்க்கும் பயணத்தைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. கணவனுடைய அல்லது மனைவியுடைய பெற்றோரின் வீட்டுக்குப் போகிற பயணத்தைப் பற்றிப் பேசுகிறேன். சிங்கப்பூர்க் குடிமக்களின் திருமணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் மணமகனோ மணமகளோ வெளிநாட்டவர். நம் சபையும் அதற்கு விலக்கல்ல.

சென்ற மாதம் ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அண்மையில் திருமணமான ஓர் இளம் சகோதரர் என்னிடம் வந்தார். "பாஸ்டர், மனைவியின் ஊருக்குப் பத்து நாள் போகிறோம். மின்சாரம் விட்டு விட்டுத்தான் வருமாம். குளியலறையில் வாளியும் குவளையும்தானாம். ஒரே அறையில் ஆறு பேர் படுப்பார்களாம். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றார். இப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் பல ஆண்டுகளாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன்: "பத்தே நாள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள். அனுசரித்துப் போங்கள்."

அன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் நானே பத்து நாள் பொறுத்துக்கொண்டவன். அந்தப் பொறுமை என் குடும்பத்துக்குச் செய்த காயத்தை அறிந்தவன். எனவே இந்த வாரம், அந்தச் சகோதரருக்குச் சொன்னதை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

நான் பொறுத்துக்கொண்ட பத்து நாள்

என் துணைவியார் பிலிப்பீன்ஸ் நாட்டில், மணிலாவுக்குத் தெற்கேயுள்ள பத்தாங்காஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். இறையியல் கல்லூரியில் படிக்க அவர் இங்கே வந்தபோதுதான் நாங்கள் சந்தித்தோம். 1999ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கேயே திருமணம் நடந்தது. பயணச் செலவு கைக்கு எட்டாததால் அவருடைய பெற்றோர் வரவில்லை. அவர்கள் வழக்கப்படி, மாப்பிள்ளையும் அவன் பெற்றோரும் பெண் வீட்டுக்குச் சென்று, உடன் உட்கார்ந்து உணவருந்தி, பெண் கேட்க வேண்டும். அதைப் பமமன்ஹிக்கான் என்பார்கள். நம்முடைய பெண் பார்க்கும் வழக்கத்தையும் நிச்சயத்தையும் சேர்த்தது போன்ற ஒன்று. அதை நாங்கள் செய்யவில்லை. தொலைபேசியில் நலம் விசாரித்ததோடு சரி. அதற்காக அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்காததால் குறையில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி முதன்முறையாக அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். அடுக்குமாடி வீட்டில் பிறந்து, குழாயைத் திறந்தால் குடிக்கத் தகுந்த தண்ணீர் வரும் ஊரில் வளர்ந்தவன் நான். அங்கே அறைக்குக் கதவு இல்லை, துணித் திரைதான். சேவல்கள் விடியும் வரை காத்திருக்காமல் நள்ளிரவிலேயே கூவத் தொடங்கின. பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கியை வைத்துப் பாட்டுப் பாடினார்கள். ஊரார் கூட்டம் கூட்டமாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என்ன சம்பளம், எப்போது குழந்தை, ஏன் இவ்வளவு பருமன் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நம் ஊர்ச் சித்திகளும் பெரியம்மாக்களும் கேட்கிற அதே கேள்விகள்தான். ஆனாலும் அயலார் வாயிலிருந்து வந்தபோது அவை எனக்கு அநாகரிகமாகத் தோன்றின.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. பையில் கொண்டுபோயிருந்த ரொட்டிகளைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளையும் அடித்துவந்தேன். நல்ல கிறிஸ்தவனாக நடந்துகொள்வதாகவே என்னைப் பற்றி எண்ணியிருந்தேன்.

நான்காம் நாள் மாலை, மாமனார் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் காப்பி மரங்கள் இருந்தன. அந்த மாகாணத்தின் பெயர்பெற்ற பராக்கோ காப்பி. நாம் லைபீரிக்கா என்று அறிகிற வகை. பழம் பறிக்கும் பருவம். மரியாதைக்காக, "நாளைக் காலையில் உங்களோடு தோட்டத்துக்கு நானும் வரட்டுமா?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சொற்களில் கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. புருவத்தை மட்டும் சற்று உயர்த்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார். பதில் சொல்லக்கூட விருப்பமில்லை போலும் என்று நான் எழுந்து உள்ளே போனேன். மறுநாள் தாமதமாகத்தான் விழித்தேன்.

திரும்பி வரும் விமானத்தில், "எல்லாம் நல்லபடியாக முடிந்தது, யாரோடும் எனக்கு மனத்தாங்கல் இல்லை" என்றேன். என் துணைவியார் சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "நீங்கள் யாரோடும் சண்டை போடவில்லை. யாரோடும் இருக்கவும் இல்லை." பிறகு கேட்டார்: "தோட்டத்துக்கு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஏன் போகவில்லை? உங்களுக்கென்று ஓர் ஓலைத் தொப்பி வாங்கி வைத்து, விடியற்காலையில் வெகுநேரம் வாசலில் காத்திருந்தார்."

பிலிப்பீன்ஸ் மக்களிடையே புருவத்தை உயர்த்துவது "ஆம்" என்று சொல்வதாகும். அது எனக்குத் தெரியாது. என் துணைவியாருக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. நாம் தலையசைப்பதை யாருக்காவது விளக்கிச் சொல்கிறோமா?

அன்பானவர்களே, அந்தத் தொப்பி எனக்குப் பல ஆண்டுகள் உறுத்தலாக இருந்தது. தெரியாமல் நடந்த பிழைதானே என்று என்னை நானே தேற்றிக்கொள்ள முடியவில்லை. அந்த வீட்டாரில் ஒருவரோடாவது உண்மையாகவே பழகியிருந்தால், பத்து நாளில் அந்தப் புருவத்தின் பொருளை நூறு முறையாவது கண்டிருப்பேன். நாள்களை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு முகங்களைப் பார்க்க நேரமில்லை. பொறுத்துக்கொள்கிறவன் எதிரே இருப்பவரைப் பார்ப்பதில்லை. தன் பொறுமையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அரண்மனையிலிருந்து ஆட்டுத் தொழுவத்துக்கு

வேதத்தில் இதே பாதையில் நடந்த ஒருவரை நாம் அறிவோம். மோசே எகிப்தின் அரண்மனையில் வளர்ந்தவர். அந்தக் காலத்தின் உயர்ந்த கல்வியைப் பெற்றவர். மீதியான் தேசத்தில் அவருக்குக் கிடைத்த மாமனார் வீடோ ஏழு பெண் பிள்ளைகள் ஆடு மேய்க்கிற வீடு. எகிப்தியருக்கு மேய்ப்பர்கள் அருவருப்பானவர்கள் என்று ஆதியாகமத்தின் கடைசிப் பகுதி சொல்கிறது. அப்படியானால் மோசே தாண்டிய தூரம், நாம் சாங்கி விமான நிலையத்திலிருந்து மூன்றரை மணி நேரம் பறந்து தாண்டுகிற தூரத்தைவிடப் பெரியது.

அங்கே அவர் என்ன செய்தார்? இரண்டாம் அதிகாரம் மிகச் சுருக்கமாகச் சொல்கிறது: உணவருந்த அழைத்தார்கள், போனார், தங்கியிருக்கச் சம்மதித்தார். மூன்றாம் அதிகாரம் தொடங்கும்போது, அவர் மாமனாருடைய ஆடுகளை மேய்த்துக்கொண்டிருக்கிறார். எகிப்தில் இதைவிட மேலான முறைகள் உண்டு என்று அவர் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. ஆனால் அந்நிய உணர்வு அவரை விட்டுப் போய்விடவும் இல்லை. மூத்த மகனுக்கு அவர் வைத்த கெர்சோம் என்ற பெயரிலேயே பரதேசியாயிருக்கிற வலி அடங்கியிருக்கிறது. வலியே தெரியாதது போல நடிக்க வேதம் நம்மைக் கேட்கவில்லை என்பதை இங்கே கவனியுங்கள். வலியோடுகூட ஆடுகளையும் மேய்க்கலாம்.

பதினெட்டாம் அதிகாரத்தில் அதன் பலன் தெரிகிறது. இப்போது மோசே ஒரு ஜனத்தாருக்குத் தலைவர். மாமனார் எத்திரோ வனாந்தரத்துக்கு வருகிறார். மோசே தாமே வெளியே போய், அவரைக் குனிந்து வணங்கி, முத்தமிட்டு, நலம் விசாரித்து, கூடாரத்துக்குள் அழைத்துவருகிறார். மறுநாள் அந்த மேய்ப்பர் வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்த நிர்வாக முறையை ஏற்றுக்கொண்டு, பாரத்தைப் பலரோடு பகிர்ந்துகொள்கிறார். எகிப்தின் கல்வி முழுவதையும் பெற்றவருக்கு மாமனாரிடம் கற்றுக்கொள்ள ஒன்று மிச்சமிருந்தது.

நம் தவறு எங்கே தொடங்குகிறது என்றால், நாம் கொடுக்கவும் கற்பிக்கவும் மட்டுமே அங்கே போகிறோம் என்று எண்ணுவதில்தான். வசதியான நாட்டிலிருந்து வந்தவர் என்பதால் அறிவிலும் முன்னால் இருக்கிறோம் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அந்த வீட்டில் குளிக்கத் தெரியாதவர் நாம். பேசத் தெரியாதவர் நாம். பெரியவர்களுக்கு மரியாதை செய்யத் தெரியாதவர் நாம். வயது முப்பது ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளையின் நிலைதான். அதிர்ச்சி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுவே என்பது என் கருத்து. வாளியும் குவளையும் இரண்டு நாளில் பழகிவிடும். உதவி கேட்கிற நிலைக்கு இறங்குவதுதான் நமக்கு அவ்வளவு எளிதில் பழகுவதில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை

இந்தப் பயணங்களில் தம்பதியரைப் பிரிக்கிற காரியம் பெரும்பாலும் பணமே. ஆகவே இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

அந்தப் பத்து நாளில் நான் இன்னொன்றையும் கண்டேன். தகரக் கூரை புதிதாகப் போடப்பட்டிருந்தது. மைத்துனன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் என் துணைவியார் அனுப்பிய பணம். "இவர்கள் நம்மை வங்கி என்று நினைக்கிறார்கள்" என்று அவரிடம் சொன்னேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. மறுநாள் என்னைத் தம் அத்தையிடம் அழைத்துப் போனார்.

அந்த அத்தை பல ஆண்டுகள் ஹாங்காங்கில் ஒரு குடும்பத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். தமக்கென்று வீடு கட்டிக்கொள்ளாமல், அண்ணன் மகளின் மணிலாக் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தியவர். அந்தக் கல்லூரியின் மாணவர் ஐக்கியத்தில்தான் என் துணைவியார் ஆண்டவரை அறிந்தார். அங்கிருந்துதான் இறையியல் படிக்க இங்கே வந்தார். நான் எந்த ஏற்பாட்டைக் குறைகூறினேனோ, அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் எனக்கு இந்த மனைவி இல்லை.

இது ஒரு வீட்டின் கதையும் அல்ல. 1974ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்திலிருந்து அந்த நாட்டு அரசே தன் மக்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை ஒழுங்குபடுத்திவருகிறது. 1988இல் அதிபர் கொரசோன் அக்கினோ ஹாங்காங்கில் பணிப்பெண்களிடையே பேசியபோது, அவர்களை நாட்டின் புதிய வீரர்களாகப் போற்றினார். இன்று வெளிநாடுகளில் வாழும் பிலிப்பீன்ஸ் மக்கள் ஆண்டுதோறும் தங்கள் குடும்பங்களுக்கு அனுப்பும் பணம் 3,500 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். அதன் பின்னால், பிள்ளைகளை விட்டுவந்த தாய்மாரும், தங்கைகளைப் படிக்கவைத்த அக்காமாரும் இருக்கிறார்கள். அவர்கள் மொழியில் ஊத்தாங் நா லோஓப் என்று ஒரு சொல் உண்டு. உள்ளத்தில் சுமக்கிற கடன் என்று பொருள் கொள்ளலாம். செய்ந்நன்றிக்கென்று தனி அதிகாரமே வைத்த குறளைப் படித்து வளர்ந்த நமக்கு இது புரியாத பொருளா?

அதற்காகக் கேட்கிற எல்லாருக்கும் கேட்டதையெல்லாம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இங்கே பிள்ளைகளின் தேவையை மறைத்துக் கொடுக்காதீர்கள். மனைவிக்குத் தெரியாமல் கணவனும், கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் கொடுக்காதீர்கள். விமானம் ஏறுவதற்கு முன் இருவரும் மேசையில் உட்கார்ந்து, எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு யார் கேட்டாலும் பதிலை அந்த வீட்டில் பிறந்தவரே சொல்லட்டும். மருமகனின் வாயிலிருந்து வருகிற "இல்லை" பூட்டப்பட்ட கதவைப் போன்றது. மகளின் வாயிலிருந்து வரும்போது அது ஒரு குடும்பப் பேச்சு.

அந்த வீட்டில் பிறந்தவருக்கு

இதுவரை விருந்தாளியாகப் போகிறவரிடம் பேசினேன். இப்போது அவரை அழைத்துப் போகிறவரிடம் பேசுகிறேன். நீங்கள் திருநெல்வேலிக்காரராக இருந்தாலும் மணிலாக்காரராக இருந்தாலும் இது உங்களுக்கே.

ஊர் மண்ணை மிதித்ததும் நீங்கள் பழைய பிள்ளையாகிவிடுகிறீர்கள். அம்மா கையால் சாப்பிட்டு, பள்ளித் தோழரைத் தேடிப் போய்விடுகிறீர்கள். உங்களை நம்பி வந்தவர், மொழி தெரியாத வீட்டில், சிரித்த முகத்தோடு தனியே உட்கார்ந்திருக்கிறார். இரவில் அவர் ஏதாவது சொன்னால், "என் வீட்டாரைக் குறை சொல்கிறாயா?" என்கிறீர்கள். அவர் அதன்பின் பேசுவதில்லை. அந்த மௌனத்தை அனுசரிப்பு என்று எண்ணி நீங்கள் மகிழ்கிறீர்கள்.

பாலம் கட்டுகிற வேலை முதலாவது உங்களுடையது. இரு கரைகளையும் அறிந்தவர் நீங்கள் ஒருவரே. புறப்படும் முன்பே சொல்லிக்கொடுங்கள்: பெரியவர்களின் புறங்கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும்; பேச்சில் "போ" என்ற சொல்லைச் சேர்த்தால் அது நம் "ங்க" போன்ற மரியாதை; சாப்பிட்டாயா என்று கேட்பது நலம் விசாரிப்பது. எவை உங்களுக்குச் சொல்லத் தோன்றவே தோன்றாதோ அவைதான் பெரும்பாலும் சொல்லப்பட வேண்டியவை. உங்கள் வீட்டாரிடமும் பேசுங்கள்: "இவருக்குக் கொஞ்ச நேரம் தனியே இருக்க வேண்டியிருக்கும். அது கோபம் அல்ல." நாள்தோறும் கால் மணி நேரமாவது இருவரும் வெளியே நடந்து, அன்று புரியாமற்போனவற்றைப் பேசிக்கொள்ளுங்கள். குறை சொல்வதையும் புரியவில்லை என்று சொல்வதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

அந்த நாட்டு அரசு, வெளிநாட்டவரை மணந்து புறப்படுகிற தன் மக்களுக்கு ஆலோசனை வகுப்பு ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் சான்றிதழ் இல்லாமல் அவர்கள் குடியேறப் புறப்பட முடியாது. நம் சபையின் திருமண ஆலோசனை வகுப்புகளிலோ இதற்கென்று நாம் ஒரு மணி நேரத்தைக்கூட ஒதுக்கியதில்லை. அதற்குப் பொறுப்பானவன் நானே. வரும் ஆண்டிலிருந்து அதைத் திருத்திக்கொள்வோம்.

நம் வீட்டு வாசலில்

இன்னொரு பக்கமும் உண்டு. அதை எழுதாவிட்டால் நான் உண்மையுள்ளவனாக இருக்க மாட்டேன்.

நாம் அங்கே அனுபவிக்கிற அந்நியத்தை, நம் துணைவர்கள் இங்கே ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கிறார்கள். எங்களுக்குத் திருமணமான முதல் ஆண்டில், ஓர் ஆராதனைக்குப் பின் மின்தூக்கியில், நம்மவர் ஒருவர் என் துணைவியாரிடம் அன்பாகவே கேட்டார்: "நீ எந்த வீட்டில் வேலை செய்கிறாய்?" அவர் தீமை எண்ணிக் கேட்கவில்லை. பணிப்பெண் வேலை இழிவானதும் அல்ல. அந்த அத்தையைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு நாட்டாரின் முகத்தைக் கண்டதும் அவர் வேலைக்காரராகத்தான் இருக்க முடியும் என்று நம் மனம் முடிவுகட்டியதே, அதுதான் வேதனை. மோசே மணந்த எத்தியோப்பியப் பெண்ணைக் காரணம் காட்டி அவர் அக்காவும் அண்ணனும் பேசிய பேச்சைக் கர்த்தர் கேட்டார் என்று எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. மின்தூக்கியில் பேசுவதையும் அவர் கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஐக்கிய விருந்தில், தமிழ் தெரியாத மருமகளும் மருமகனும் எந்த மேசையில் உட்காருகிறார்கள் என்று இந்த வாரம் பாருங்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர்கள் ஊரில் இந்தப் பருவத்தில் என்ன சமைப்பார்கள் என்று கேளுங்கள்.

கூட நடப்பது

2001ஆம் ஆண்டு மறுபடியும் போனோம். அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்திய ஒன்பது நாளும், டிசம்பர் 16 முதல் 24 வரை, விடியுமுன் ஆலயத்தில் கூடுவார்கள். சிம்பாங் காபி என்று பெயர். என் துணைவியாரின் குடும்பத்தார் கத்தோலிக்கர்கள். முதல் பயணத்தில் அந்த ஒன்பது நாளும் நான் படுக்கையை விட்டு எழவில்லை. உபதேச வேறுபாடு என்று காரணம் வைத்திருந்தேன். அவர் இருட்டில் தனியே நடந்து போனார். ஊரார் அவரிடம் புருஷன் எங்கே என்று கேட்டார்கள். இரண்டாம் பயணத்தில் நானும் எழுந்தேன். என் விசுவாசத்தில் எதையும் நான் விட்டுவிடவில்லை. மனைவியோடும் மாமியாரோடும் அந்த இருட்டுப் பாதையில் நடந்தேன், பின்வரிசையில் நின்றேன், அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது ஆலய முற்றத்தில், மூங்கில் குழாய்களில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவி வாழையிலையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊதா நிறம் ஒன்றுதான் புதிது. என் பாட்டி செய்த குழாய்ப்புட்டு! பெயரைக் கேட்டேன். "புட்டோ பும்போங்" என்றார்கள். நான் சிரித்தேன், என் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். மாமியார் அன்றுதான் என்னிடம் முதல் கேள்வி கேட்டார்: "உன் பாட்டி அதற்கு எந்த அரிசியைப் போடுவார்?" மூன்று ஆண்டாக இல்லாத பேச்சு அங்கே தொடங்கியது.

அன்று காலை மாமனாரிடம் போய், அவர் புறங்கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துக்கு வராமற்போனதற்கும், திருமணத்துக்கு முன் முறையாக வந்து பெண் கேட்காததற்கும் மன்னிப்புக் கேட்டேன். என் துணைவியார் மொழிபெயர்த்தார். அவர் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் ஓர் ஓலைத் தொப்பியை எடுத்துவந்தார்.

எல்லாப் பயணங்களும் இப்படி முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. சில வீடுகள் மருமகளை ஏற்பதேயில்லை. சில வழக்கங்களுக்கு நாம் இணங்கவும் கூடாது. உடல்நலத்துக்குக் கேடானதை அன்போடு மறுக்கலாம். மனச்சாட்சிக்கு விரோதமானதை மறுக்க வேண்டும். ஒருவரை அவமதிக்கிற, அடிக்கிற வீட்டில் "அனுசரித்துப் போ" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோரின் இடர்ப்பாடு அதுவன்று. நாம் வசதியை இழக்க மனமில்லாதவர்கள். அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டில் வாழ்கிற தன் மக்கள் ஊர் திரும்புவதைப் பற்றி அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. 1989இல் இயற்றப்பட்டு, 2002இல் திருத்தப்பட்டது. அப்படித் திரும்புகிறவரை பாலிக்பாயான் என்பார்கள். சொந்த நாட்டுக்குத் திரும்புகிறவர் என்று பொருள். அவரை மணந்த வெளிநாட்டவருக்கும் ஓராண்டு தங்க அனுமதி உண்டு, விசா வேண்டியதில்லை. முக்கியமான நிபந்தனை: அவரோடு சேர்ந்து வர வேண்டும். நான் தனியாகப் போய் நின்றால் என் சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குக் கிடைப்பது 30 நாள். துணைவியாரின் பக்கத்தில் நின்றால் ஓராண்டு. இப்போதெல்லாம் மணிலாவில் அந்த வரிசையில் நிற்கும்போது, அரசாங்கத்தின் முத்திரைக்கு உள்ள ஞானம் 1999இல் எனக்கு இல்லாமற்போயிற்றே என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த டிசம்பரில் போகிறவர்களே, நாள்களை எண்ணாதீர்கள். வைக்கப்பட்டதை உண்ணும்படி ஆண்டவர் தம் சீஷருக்குச் சொன்னதை லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வாசித்துவிட்டுப் புறப்படுங்கள். ஒரு நாளாவது மாமனாரோடு வேலைக்கோ மாமியாரோடு சந்தைக்கோ போங்கள். பெரியவர் ஒருவர் ஏதாவது செய்து, அதன் பொருள் உங்களுக்குப் புரியாவிட்டால், முடிவுகட்டாமல் உங்கள் துணையிடம் கேளுங்கள். உங்களுக்காகவும் ஒரு தொப்பி வாங்கி வைக்கப்பட்டிருக்கலாம்.

ஜெபம்: பரதேசியாய் எங்கள் நடுவில் வந்து தங்கிய ஆண்டவரே, எங்களை உமது வீட்டாராக ஏற்றுக்கொண்டதற்காக நன்றி. எங்கள் துணைவரின் வீட்டு வாசலில் நாங்கள் நீதிபதிகளாக நில்லாதபடி காத்தருளும். எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற அந்நியரை அடையாளம் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். பயணம் செய்கிற எல்லாரையும் பத்திரமாய்க் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்